சதுர்த்திப் படையலுக்கு வந்த யானை

கனடாவின் ஸ்காபரோவில் என் அக்காவைத் தெரியாத தமிழர்கள் இப்போது குறைவு. பிள்ளையார் நேரில் வந்து அவளுடைய படையலை வாங்கிச் சாப்பிட்டார் என்ற கதை கோயிலில் தொடங்கி, பலசரக்குக் கடைக்குப் போய், பிள்ளைகளை நடன வகுப்பில் விட்டுவிட்டுக் காருக்குள் காத்திருக்கும் தாய்மாரிடம் பரவி, கடைசியில் என்னுடைய இறைச்சிக் கடைக்கே வந்து சேர்ந்தது. "அண்ணை, உங்கடை அக்காவுக்கெல்லோ பிள்ளையார் ஆப்பிரிக்காவிலை காட்சி குடுத்தவர்?" என்று ஒரு பெண் கேட்டபோது நான் ஆட்டுத் தொடை ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தேன். "ஓம்" என்றேன். கத்தி எலும்பில் இறங்கிய வேகத்தைப் பார்த்து அவர் ஓரடி பின்னால் போனார். கறிக்கு வெட்டச் சொன்ன இறைச்சியை அன்றைக்குக் கொத்திக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கதையில் ஒரு மனிதர் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். படையல் இருக்கிறது, யானை இருக்கிறது, அக்காவின் நெற்றித் திருநீறுகூட இருக்கிறது. தொடை கிழிந்து கூடார வாசலில் கிடந்த வழிகாட்டி மட்டும் இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நானும் இதில் நல்லவனாக வரப்போவதில்லை.

நான் கோபக்காரன். கதவை அடித்துச் சாத்துவேன், ரெலிபோனை எறிவேன், வாகனம் ஓட்டும்போது கண்ணாடியை இறக்கிவிட்டுச் சண்டைக்குப் போவேன். "கடையிலை வெட்டினது காணாதே, வீட்டிலையும் வெட்டி விழுத்தவேணுமே?" என்று மனைவி கேட்பாள். என் கடை வெக்ஸ்போர்ட்டில் ஒரு பிளாசாவின் மூலையில் இருக்கிறது. காலையில் முழு ஆடுகள் வந்து இறங்கும். மத்தியானத்துக்குள் அவை பொதிகளாகிவிடும். இரத்தத்தைக் கண்டு முகம் சுளிப்பதை நான் மறந்து கனகாலம். அதனால்தானோ என்னவோ, அக்காவின் மகள் என்னையும் அந்தப் பயணத்தில் சேர்த்துவிட்டாள். தாயின் அறுபதாவது பிறந்தநாளுக்கு, சாம்பியாவில் காடும் மலாவியில் ஏரியுமாகப் பன்னிரண்டு நாள் சுற்றுலா ஒன்றை அவள் பதிவுசெய்திருந்தாள். "மாமா, அம்மாவும் அப்பாவும் தனியப் போனா பானிக் ஆகிப்போடுவினம். ப்ளீஸ், நீங்களும் போங்கோ" என்றாள்.

எங்கள் குழுவில் ஐந்தே பேர். அக்கா, அத்தான், நான், ஒட்டாவாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர், அவருடைய கணவர். வழிகாட்டிக்கு நாற்பது வயதிருக்கும். மெலிந்த, உயரமான மனிதர். மெதுவாகப் பேசுவார். வாகனத்தில் ஏறிய முதல் நாளே சட்டைப் பையிலிருந்து தன் வழிகாட்டி லைசென்ஸை எடுத்து எங்களுக்குக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. இரண்டு தடவை சோதனையில் தவறி மூன்றாம் தடவை எடுத்தது, இது இல்லாமல் ஒருவரையும் காட்டுக்குள் கூட்டிப்போக விடமாட்டார்கள் என்றார். அத்தான் அந்த அட்டையை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பி, எங்கள் ஊர் கிளாக்கர்மார் பார்ப்பதைப் போலப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் ரொறன்ரோவில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர்.

முதல் நாள் பின்னேரமே சிங்கங்கள் ஒரு எருமையைப் பிடித்ததைக் கண்டோம். நான்கு பெண் சிங்கங்கள். எருமை இன்னும் சாகவில்லை. ஒன்று அதன் மூக்கைக் கவ்விப் பிடித்திருக்க, மற்றவை பின்பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கிவிட்டன. எருமையின் அலறல் ஒரு வளவுக்குள் மாட்டைப் போட்டு அடிப்பதுபோல நெடுநேரம் கேட்டுக்கொண்டேயிருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் முணுமுணுத்தாள். நான் எழுந்து நின்று பார்த்தேன். தொழிற்காரன் கண்ணுக்கு அது மோசமான வேலை. முதலில் கழுத்தை முடித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கியிருக்கும். இதைச் சொன்னபோது வழிகாட்டி சிரித்தார். "அவற்றுக்கு வாடிக்கையாளர் இல்லை" என்றார். அந்த இடத்தில்தான் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

மூன்றாம் நாள் சதுர்த்தி. அக்கா மாதா மாதம் சதுர்த்தி விரதம் பிடிப்பவள். விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, மத்தியானம் பிள்ளையாருக்குப் பழமும் அவலும் படைத்து, தீபம் காட்டிய பிறகுதான் வாயில் ஏதும் வைப்பாள். ரொறன்ரோவில் பனிப்புயல் அடித்தாலும் வாழைப்பழம் வாங்கப் போவாள். பயணப்பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவில் ஒரு சின்னப் பித்தளைப் பிள்ளையாரையும் தாம்பாளத்தையும் கொண்டுவந்திருந்தாள். அன்று காலை நாங்கள் ஆற்றோரத்தில் இருந்த இரண்டாவது முகாமுக்கு மாறிப் போனோம். வழியில் ஒரு கிராமத்துச் சந்தையில் துணி வாங்க நிறுத்தினார்கள். அக்கா துணியும் வாங்கினாள்; பைக்குள் துணிக்கு அடியில் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் இரண்டு மாம்பழத்தையும் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாகனம் புறப்படும்போது வழிகாட்டி திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "யாரிடமாவது பழம் இருக்கிறதா? இருந்தால் தாருங்கள், சமையலறைப் பெட்டிக்குள் பூட்டி வைப்போம். யானைக்கு மணம் பட்டால் கூடாரத்தைக் கிழிக்கும்." ஒருவரும் பேசவில்லை. முகாம் வாசலில் மறுபடி கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். கொடுத்தால் பெட்டிக்குள் போய்விடும், மத்தியானப் பூசை நடக்காது, அவள் அன்றைக்குப் பட்டினி. அதுவும் இல்லை, உண்மையைச் சொல்கிறேன்: அந்தச் சட்டமே எனக்குச் சிரிப்பாக இருந்தது. நாலு வாழைப்பழத்துக்கு யானை வருமாம்.

மூன்றாம் முறை கூடார வாசலில் வைத்து என்னிடம் தனியாகக் கேட்டார். அந்தத் துணிப்பை அப்போது என் கையில்தான் இருந்தது. ஒரே விஷயத்தை மூன்று தரம் கேட்டால் எனக்குக் கோபம் வரும். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் இறைச்சிக்கடைக்காரன் ஐயா, எனக்கேன் பழம்?" என்று ஆங்கிலத்தில் பகிடி விட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்து, என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் எல்லோரும் வெயிலுக்கு ஒதுங்கிக் கிடக்கிற நேரம். அக்கா தன் கூடாரத்துக்குள் பூசைக்குப் போய்விட்டாள். நானும் அத்தானும் அறுபது எழுபது அடி தள்ளி, சாப்பாட்டுக் கொட்டிலில் பியர் குடித்துக்கொண்டிருந்தோம். யானை வந்ததை நாங்கள் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சத்தமில்லாமல் நடக்கும் என்று யார் கண்டது? மரங்களுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. ஒற்றை ஆண் யானை, ஒரு காது கிழிந்தது. நேராக அக்காவின் கூடாரத்துக்குப் போய் வலைச் சன்னலுக்குள் தும்பிக்கையை விட்டது. அடுத்த கணம் கன்வஸ் கிழிந்தது. பெரிய பாயை இரண்டாய்க் கிழித்த சத்தம். கம்புகள் முறிந்தன. ஒரு பக்கச் சுவர் அப்படியே கழன்று விழ, உள்ளே அக்கா தாம்பாளத்தைக் கையில் ஏந்தியபடி நிலத்தில் இருந்தாள்.

நான் எழும்பினேன், ஆனால் ஓடவில்லை. என் கால்கள் மறுத்துவிட்டன. ஆட்டைத் தோளில் போட்டுத் தூக்குகிற கால்கள். ஓடியது வழிகாட்டி. சமையலறையிலிருந்து ஒரு சட்டியையும் மூடியையும் எடுத்து, தட்டிக்கொண்டே ஓடினார். யானையைப் பார்த்துக் கத்தினார், அக்காவைப் பார்த்தும் ஏதோ கத்தினார். சட்டிச் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யானை அசையாதது கண்டு அவர் அதற்கும் அக்காவுக்கும் நடுவில் போய் நின்றார். அது தலையை ஒருமுறை வீசியது. அவர் மல்லாந்து விழுந்தார். அது குனிந்து தந்தத்தால் குத்தியது, தூக்கியது, போட்டது. அவருடைய குரல் அந்த எருமையின் குரலைவிடக் குறுகியதாக இருந்தது. பிறகு யானை அவரைத் தாண்டித் தும்பிக்கையை நீட்டி, அக்காவின் தாம்பாளத்திலிருந்த பழங்களைச் சீப்போடு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வந்த வழியே போனது.

அக்காவில் ஒரு கீறல் இல்லை. இதுதான் ஸ்காபரோவில் ஓடுகிற கதை.

யானை போனபின்தான் என் கால்கள் ஓடின. வழிகாட்டியின் வலது தொடையின் உள்பக்கம் இடுப்புவரை திறந்துகிடந்தது. இரத்தம் விட்டுவிட்டு எம்பிப் பாய்ந்தது. ஆட்டின் தொடையைத் தினமும் திறக்கிறவனுக்கு அந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியும். கவட்டில் கை முட்டியை வைத்து, என் முழுப் பாரத்தையும் போட்டு அமத்தினேன். ஒட்டாவாத் தாதி வந்து என் துவாயைக் கிழித்துக் கட்டுப் போட்டார். "கையை எடுக்காதே, எடுத்தால் போய்விடுவார்" என்றார். சின்ன விமானம் ஒன்று வந்து அவரை ஏற்றும்வரை நான் கையை எடுக்கவில்லை. என் முழங்கைவரை அவருடைய இரத்தம் காய்ந்து வெடித்திருந்தது. அவர் சாகவில்லை. அவர் உயிரை நான் காப்பாற்றினேன், ஆகவே நான் சொன்ன பொய் கழிந்துவிட்டது என்று அன்றே எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை தாதி கொடுத்த குளிசையில் அக்கா நித்திரையாக இருந்தபோது இரண்டு வெடிச்சத்தம் கேட்டது. மனிதரைக் குத்திய யானையை வைத்திருக்க மாட்டார்கள் என்று சமையற்காரர் சொன்னார். அவரோடு நானும் போய்ப் பார்த்தேன். கிழிந்த காது, அதே யானை. பக்கவாட்டில் கிடந்தது. வனக் காவலர்கள் தள்ளி நிற்க, கிராமத்து ஆண்கள் கோடரியோடு அதன்மேல் ஏறி நின்று வெட்டினார்கள். பெண்கள் பேசின்களோடு வரிசையில் நின்றார்கள். தோலை விலத்தி, பாளம் பாளமாக இறைச்சியை இழுத்தெடுத்தார்கள். வயிற்றைத் திறந்தபோது வந்த ஆவி என் முகத்தில் அடித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு கத்தியை வாங்கி அவர்களோடு சேர்ந்து வெட்ட என் கை அரித்தது. முகாமுக்குத் திரும்பிப் போய் அக்காவிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

எங்களை எல்லை தாண்டி மலாவியின் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார்கள். கடலைப் போன்ற ஏரி, வெள்ளை மணல், தட்டிகளில் நெத்தலி மாதிரிச் சின்ன மீன்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஒருவரும் தண்ணீரில் இறங்கவில்லை. இரண்டாம் நாள் சுற்றுலா நிறுவனத்தின் மனேஜர் ஒரு படிவத்தோடு வந்தார். கூடாரத்துக்குள் பழம் இருந்ததா, யார் கொண்டுவந்தது என்பது கேள்வி. இடிபாடுகளில் ஒரு மாம்பழம் கிடந்ததாம். விருந்தினர் ஒளித்துக் கொண்டுவந்திருந்தால் வழிகாட்டியில் பிழை இல்லை. அப்படி இல்லையென்றால், உள்ளே கிடந்ததை அவர் பார்க்கத் தவறிவிட்டார் என்று ஆகும், லைசென்ஸ் பறிபோகும் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். பின்னேரம் வந்து வாங்கிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தான் "இல்லை" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டுப் பேனையை என்னிடம் நீட்டினார்.

"அந்தாள் சாகக் கிடக்குது அத்தான்."

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? எழுதித் தந்தா வழக்கு எங்கடை தலையிலை வரும். எனக்குத் தெரியாத சட்டமே? உம்மடை அக்கா அந்நிய நாட்டிலை பொலிசிலை நிக்கவேணுமே? பேசாமல் கையெழுத்தை வையும். வேறை ஆரோ முதல் வந்தவை விட்டிட்டுப் போன பழமாயிருக்கும்."

நான் அவர் வாயைப் பொத்தி அடித்தேன். அவர் மணலில் விழுந்தார். எழும்பி வந்து என் சட்டையைப் பிடித்தார், மறுபடி அடித்தேன். அறுபத்தைந்து வயது மனிதரை. உதடு கிழிந்து இரத்தம் அந்தப் படிவத்திலும் தெறித்தது. மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கத்திக்கொண்டு ஓடிவந்து எங்களைப் பிரித்துவிட்டார்கள். மனேஜர் புதுப் படிவம் கொடுத்தார். அத்தான் மறுபடி "இல்லை" என்று போட்டார். கீழே அக்கா கையெழுத்து வைத்தாள். அதற்குக் கீழே நான் வைத்தேன். அடிக்க எனக்குத் தைரியம் இருந்தது, உள்ளதை எழுத இருக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அத்தானும் விமான நிலையத்தில் மகளிடம் வழுக்கி விழுந்ததாகவே சொன்னார்.

வீட்டுக்கு வந்து நான் கடையைத் திறந்தேன். அக்கா கோயிலுக்குப் போனாள். பயந்தவர்கள் நேர்த்தி வைப்பது வழக்கம்தானே, அபிஷேகம் செய்வித்தாள். யாரோ ஏன் என்று கேட்க, யானை வந்ததைச் சொன்னாள். கேட்டவர் கையெடுத்துக் கும்பிட்டாராம். அதற்கடுத்த மாதம் தும்பிக்கை அவள் தலையைத் தொட்டுவிட்டது. அதற்கடுத்த மாதம் யானை முட்டிபோட்டு எழும்பியது. பிள்ளைப்பேறு இல்லாத பெண்கள் அவள் கையால் திருநீறு வாங்கத் தொடங்கினார்கள்.

மாரிக் குளிர் முடிகிற நேரத்தில் ஒட்டாவாத் தாதியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர் அந்த வழிகாட்டியோடு தொடர்பு வைத்திருந்தார். லைசென்ஸ் போய்விட்டது. கால் விளங்கும், ஆனால் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். ஒரு பண்டகசாலை வாசலில் கதிரை போட்டுக் காவல் இருக்கிறார். கூடாரத்தில் இருந்தவரே எழுதிக் கையெழுத்திட்டு உண்மையைச் சொன்னால், விசாரணையைத் திரும்பத் திறப்பதாக அங்கே உள்ள அலுவலகம் சொல்லியிருக்கிறது. "உங்கள் பையில் ஏதாவது இருந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும்" என்று முடித்திருந்தார்.

அந்த மின்னஞ்சல் வந்த கிழமையே சதுர்த்தி வந்தது. கோயிலின் கீழ்மண்டபத்தில் அன்னதானம். அக்கா பாயாச வாளியோடு பந்தியில் நின்றாள். இலைக்கு முன்னால் இருந்த ஒரு அன்ரி கதையைக் கேட்டார். "ஆறுதலா என்ரை தலையிலை தும்பிக்கையை வைச்சு ஆசீர்வதிச்சிட்டு, திரும்பிப் பாத்துப் பாத்துக் காட்டுக்குள்ளை போனவர்" என்றாள் அக்கா. எனக்குக் கண் மண் தெரியவில்லை. எழும்பி நின்று கத்தினேன்.

"எங்கை போனது? அடுத்த நாள் காலமை சுட்டுப் போட்டவங்கள் உன்ரை பிள்ளையாரை! கோடாலியாலை கொத்திப் பேசினிலை பங்கு போட்டவங்கள். நான் நிண்டு பாத்தனான். உன்ரை முன்னாலை ஒருத்தன் தொடை கிழிஞ்சு கிடந்தானே, அவனை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?"

பிறந்ததிலிருந்து நான் அக்காவை "நீங்கள்" என்றுதான் கூப்பிடுவேன். அக்கா வாளிக்குள் இருந்த அகப்பையை எடுத்து, கொதிக்கிற பாயாசத்தோடு என் முகத்தில் ஓங்கி அடித்தாள். ஒன்றல்ல, மூன்று அடி. கன்னம் வெந்தது, புருவம் வெடித்தது. ஆட்கள் அவளைப் பிடித்து இழுத்தார்கள். "அறுவான், அறுவான்" என்று என்னைத் திட்டிக்கொண்டே போனாள். எனக்கு இடது புருவத்தில் நான்கு தையல் போட்டார்கள்.

தையல் வெட்டிய மறுநாள் வோபர்னில் இருக்கும் அவளுடைய அப்பார்ட்மென்டுக்குப் போனேன். பதினொராம் மாடி. நான் கடைக்குப் போகமுன் விடியக் காலமை போனால் கதவைத் திறப்பாள் என்று தெரியும். அத்தான் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குள் போய்விட்டார். அக்கா சமையலறையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு கோப்பை வைத்தாள். நான் கணினியில் அடித்து வைத்திருந்த கடிதத்தை மேசையில் போட்டேன்.

"இதிலை கையெழுத்துப் போடுங்கோ. அந்தாள் ஒரு கதிரையிலை குந்திக்கொண்டு கேற் காக்குது. உங்களுக்குத்தான் ஏலும் அவருக்கு லைசென்ஸை வாங்கிக் குடுக்க."

"எனக்கு இங்கிலிஸ் வாசிச்சு விளங்காது. தமிழிலை சொல்லு."

சொன்னேன். சதுர்த்தி விரதத்துக்காக அக்கா சந்தையில் பழம் வாங்கியது, அதைக் கூடாரத்துக்குள் கொண்டுபோனது, வழிகாட்டி கேட்டபோது மறைத்தது. எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியவந்தது என்றும் அதில் எழுதியிருந்தேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"வடிவா எழுதியிருக்கிறாய்" என்றாள். "பை ஆற்றை கையிலை இருந்தது?"

நான் தேத்தண்ணியைப் பார்த்தேன்.

"அந்தாள் கடைசியாக் கேட்டது என்னையே? என்ரை இங்கிலிசிலை நான் பகிடி விட்டனானே? அத்தானை அடிச்சாய். கோயிலிலை என்னைச் சந்தி சிரிக்க வைச்சாய். இவ்வளவும் செய்துபோட்டுக் கடிதத்திலை நீ இல்லை."

கோப்பையைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அது உடைந்து தேத்தண்ணி வழிந்தது. அக்கா அசையவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல் பிழை இல்லை. வெட்கத்தில் என் காதெல்லாம் எரிந்தது.

அவள் துணியை எடுத்துவந்து குந்தியிருந்து நிலத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அந்தாள் என்ன கத்தினவர் எண்டு உங்களுக்கு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எறி, எறி எண்டு கத்தினவர். கையாலும் காட்டினவர். பழத்தை வெளியிலை எறிஞ்சிருந்தா அது அங்காலை போயிருக்கும். தாம்பாளம் என்ரை கையிலைதான் இருந்தது."

"பிறகேன் எறியேல்லை?"

"தீபம் காட்டேல்லையடா. சுவாமிக்கு வைச்சதை அரைவாசியிலை தூக்கி எறியிறதே? ஊரிலை சண்டை நேரம் செல்லடிக்கேக்கையும் நான் பூசைக்கு நடுவிலை எழும்பினதில்லை, நீயும் பக்கத்திலை இருந்தனியெல்லே. பக்கத்து வீடு விழுந்தது, எங்கடை வீடு விழேல்லை. எழும்பாததாலைதான் தப்பினனாங்கள் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான். நான் எறியேல்லை எண்டு கண்டுதான் அந்தாள் நடுவிலை வந்தது. குத்தேக்கை என்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிப்போட்டன்." துணியை வாளிக்குள் பிழிந்தாள். "பிள்ளையார் எடுத்துக்கொண்டு போனவர் எண்டு சொல்லாட்டி, நான் என்னெண்டு தம்பி உயிரோடை இருக்கிறது? அதையும் நீ சுட்டுப்போட்டாய்."

நான் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். இருவருமாகப் பீங்கான் துண்டுகளைப் பொறுக்கினோம். எனக்கு அழுகை வந்தது, அவள் அழவில்லை.

அதற்குப் பிறகு மேசையில் இருந்து அவள் கொப்பித் தாளில் தமிழில் எழுதினாள். எழுத்துக் கூட்டி, அடித்து, திரும்ப எழுதி, ஒரு பக்கம் வர ஒரு மணித்தியாலம் பிடித்தது. எறி என்று அவர் சொன்னதையும், தான் எறியாததையும் எழுதினாள். நான் என் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று எழுதினேன். மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரம் என்னைக் கேட்டார். பை என் கையில் இருந்தது. நான் பகிடி விட்டேன். அவளுடையதை ஆங்கிலத்தில் பெயர்த்து இரண்டையும் சேர்த்து வைத்தபோது அத்தான் குளியலறையிலிருந்து வந்தார். "விசர்க் கூட்டம். வழக்கு வந்தா என்னட்டை வராதையுங்கோ" என்றார். பிறகு இரண்டையும் வாசித்துவிட்டு, ஏரிக்கரையில் புள்ளடி போட்டது தான்தான் என்று கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தார். வழக்கு ஒன்றும் வரவில்லை.

கோடையில் விசாரணை திரும்ப நடந்தது. லைசென்ஸ் அவருக்குக் கிடைத்துவிட்டது என்று தாதி எழுதினார். நடந்து போகிற சுற்றுலாக்களுக்கு இனி அவரால் முடியாது, வாகனத்தில் கூட்டிப்போகலாம். தாதியிடம் அவருடைய ரெலிபோன் இலக்கத்தை வாங்கி நான் அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டேன், அக்காவும் கேட்கிறாள் என்று எழுதினேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். பதில் வரப் பத்து நாள் ஆயிற்று. வந்தபோது நான் கடையில் நின்றேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் திறந்தேன்.

மன்னிப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கால் பரவாயில்லை, வேலை தொடங்கிவிட்டேன், இந்தக் கிழமை ஆறு பேர் வந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கடைசியாக இதை எழுதியிருந்தார்: "முன்பு விருந்தினரிடம் பழம் இருக்கிறதா என்று கேட்பேன். இப்போது யாரையும் கேட்பதில்லை. பைகளை நானே திறந்து பார்க்கிறேன்."